ஆரணியில் நான் தேடிய இரைச்சல்

அந்த மாதம் ஆரணி என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக நான்காவது தடவை போகிறேன். தறிக்காரர் தெருக்களுக்கு நடுவே நிற்கும் எங்கள் செல்போன் டவருக்கு ஏதோ ஒரு வேண்டாத சிக்னல் பகலெல்லாம் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசினால் எதிர்முனையில் ஒன்றும் கேட்காது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து, ஆம்புலன்சுக்கு லைன் போகாமல், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனாலும் காரணமானவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதென்று வைத்திருந்தேன்.

முதலில் பக்கத்து டவர்க்காரர்கள் மேல் சந்தேகப்பட்டேன். அவர்கள் எங்கள் மேல் சந்தேகப்பட்டார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கி மூன்று நாளை வீணடித்தோம். கடைசியில் அவர்கள் தங்கள் டவரைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டினார்கள். தொல்லை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை இன்னும் எடுக்கவில்லை. வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். கையில் மீன்முள் மாதிரி ஓர் ஏரியல், கழுத்தில் தொங்கும் மீட்டர். விசைத்தறி வைத்திருந்த ஒருவர் வாசலில் நின்று, "என்னா சார் தேடிகினு கீறீங்கோ?" என்றார்.

எங்கள் தொழிலில் வேண்டாத சிக்னலுக்கு நாய்ஸ் என்று பெயர். அவருக்குப் புரியட்டுமே என்று தமிழ்ப்படுத்தினேன்.

"இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறேங்க. கண்டுபிடிச்சா நிறுத்தணும்."

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விசைத்தறிச் சத்தத்தைப் பற்றி யாரோ மனுப் போட்டு, விசாரிக்க ஆபீசர் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். விறுவிறுவென்று உள்ளே போனார், அவர் தறிகள் நின்றன. போன்தான் வேலை செய்யாதே, சுவருக்கு மேல் குரல் கொடுத்தே சேதியை அனுப்பினார்கள். அடுத்த வீட்டுத் தறி நின்றது, அதற்கடுத்ததும் நின்றது. ஐந்து நிமிஷத்தில் தெருவே ஓய்ந்துவிட்டது.

மீட்டரில் மட்டும் எதுவும் குறையவில்லை. மோட்டார்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அது தீர்ந்தது. ஒரே ஒரு தறிச் சத்தம் மிச்சமிருந்தது. விசைத்தறிக்காரர் வீட்டை ஒட்டிய வீட்டில் யாரோ கைத்தறியில் நெய்துகொண்டிருந்தார்கள். ஏரியலும் அந்த வீட்டையே காட்டியது.

நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உள்ளே தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். தறிக்கட்டையில் ஒரு போன் சாய்த்து வைத்திருந்தது. திரையில் ஓர் அம்மாள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே உத்தரத்தில் நான் தேடிய பொருள் இருந்தது: வீட்டுக்குள் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் சிக்னல் பூஸ்டர். அதன் ஒரு ஏரியல் ஓட்டுக்கு மேலேயும் இன்னொன்று நேர் கீழேயும் இருந்தன. கூழ் ஊற்றும் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீ என்று கத்துமே, அதையேதான் இவையும் செய்துகொண்டிருந்தன.

அவர் கை நிற்காமலே ரகசியக் குரலில் சொன்னார். திரையில் இருப்பது அவர் மனைவி. குவைத்தில் படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை ராத்திரியில் பார்த்துக்கொள்கிற வேலை. பகலில் தூக்கம் வராது. போன மாதம் வேலையில் கண் அசந்துபோய், இன்னொரு தரம் இப்படியானால் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் தூங்குகிறாள்.

"தறி நின்னா முழிச்சிக்கும் சார். இத எடுத்துட்டீங்கன்னா இங்க லைனே கெடைக்காது" என்றார்.

எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது. திட்டுவதற்கு வந்தவன் தரையில் உட்கார்ந்தேன். எடுக்காமல் இருக்கவும் முடியாது, எடுக்க மனசும் வரவில்லை. அப்போது போனில் குரல் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்து ஊட்டு மிஷினு ஏன் ஓடல? நம்ம தெருவுல யாருக்கு என்னா ஆச்சி?"

சாவு விழுந்தால்தான் அந்தத் தெருவில் கரண்ட் இருக்கும்போதே எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். கடல் தாண்டி, தூக்கத்தில், கைத்தறிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் நின்றுபோனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கழுத்தில் தொங்கிய மீட்டரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் தூக்கத்தைக் கெடுத்தது பூஸ்டர் இல்லை, நான் சொன்ன ஒரு வார்த்தை.

விசைத்தறிக்காரரிடம் ஓடினேன். நான் ஆபீசர் இல்லை, டவர்க்காரன் என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிசைன் வாங்க அவர் வீட்டில் வைஃபை வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான். பாஸ்வேர்டைக் கேட்டதும் அவரே வந்து கைத்தறிக்காரர் போனில் போட்டுக் கொடுத்தார்.

பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். மீட்டரில் தொல்லை அடங்கியது. வைஃபையில் கைத்தறிக்காரர் மறுபடியும் குவைத்துக்குக் கூப்பிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் முதல் விசைத்தறி ஓடத் தொடங்கியது, பிறகு இரண்டாவது. அவரும் தறியில் உட்கார்ந்தார். பூஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"தூங்கிடுச்சி" என்றார்.