பூசையில் இருந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் பலவேசம், எங்க அப்பாவின் அரிசி மில்லில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, கல்லிடைக்குறிச்சியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார். இருந்தது 486 என்கிற பழைய வகைக் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதும் அதன் தலையைத் தடவிக்கொண்டே பேசுவார்.

தொண்ணூற்றெட்டில் ஆற்றுக்கு அக்கரையில், அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில், புதிதாக வந்த விண்டோஸ் 98 சொல்லிக்கொடுக்கும் வகுப்பு திறந்தார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாலம் தாண்டிப் போனார்கள். எங்கள் கம்ப்யூட்டரிலும் அது ஓடினால் வகுப்பு பிழைக்கும். ஓடாவிட்டால் மறுபடியும் மில்தான்.

சரஸ்வதி பூசையன்று மாலை, திருநெல்வேலிக் கடை ஒன்றிலிருந்து சிடியையும் அதைப் போடும் டிரைவையும் இரவல் வாங்கி வந்தார். கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். 486-இல் இரண்டு வகை உண்டு. டிஎக்ஸ் என்றால் ஓடும், எஸ்எக்ஸ் என்றால் ஓடாது. மூடியைக் கழற்றி, சிப்பில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் காலையிலேயே பூசையில் ஏறிவிட்டது. பழைய விண்டோஸ் இருந்த பிளாப்பிகளுக்கும் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்.

"மூடிய மட்டும் கழத்திப் பாத்துருவோமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, பூசையில வச்சதத் தொடலாமா? காலைல பாத்துக்கிடலாம்."

விஜயதசமி காலையில் பூசையைக் கலைக்கும்போதே மாரிக்கண்ணு அண்ணாச்சி மகளைச் சேர்க்க வந்து உட்கார்ந்துவிட்டார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. டிரைவைப் பின்பக்கம் வெளியிலேயே செருகிய என் வீட்டுக்காரர், மூடியைக் கழற்றிச் சிப்பைப் பார்க்கவில்லை. "ஓடும், ஓடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, புதியதற்கு இடம் வேண்டுமென்று உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தார். சிடி சுற்றியது. திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் காது மடல் சிவந்ததைப் பார்த்ததும், ஓடாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னவே, பொட்டெல்லாம் வச்சு சோடிச்சிருக்கீரு, பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்கா?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

பழைய விண்டோஸையே திரும்பப் போடலாமென்று இவர் பிளாப்பிகளை எடுத்தார். சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. முதல் பிளாப்பியே கரகரவென்று அரைத்தது. அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை.

"நீரு பைய சரி பண்ணும்வே. பிள்ளைக்கு நல்ல நாள் தப்பிரும்லா? நாங்க அம்பைக்குப் போறோம்."

அவர்கள் போனபிறகுதான் மூடியைக் கழற்றினார். சிப்பின் மேலிருந்த தூசியை ஊதினார். எஸ்எக்ஸ்.

திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்க அப்பாகிட்ட நீயே சொல்லிரு. நாளைலேருந்து வாரேன்னு."

சொன்னேன். அப்பா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "நெல்லு லோடு வருது, வெள்ளன வரச்சொல்லு" என்றார்.