ஓரகத்தி பிரித்த பாராசூட்

என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, ராசியான கை என்று பேர். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். விண்வெளிக் கலத்துக்குப் பாராசூட் மடிக்கும் கூடத்தில் நான் பதினெட்டு வருஷம், அவள் ஆறே வருஷம். ஆனால் முதன்முதலாக மூன்று பேர் ஏறப்போகும் கலத்துக்கு மடிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று சரிபார்ப்பவள். மாமியாரிடம்தான் அவள் ஒசத்தி என்றால், இங்கேயுமா?

எங்கள் பிரிவுக்கே அப்போது கண்டம். துணியை நம்பி ஆளை இறக்குவதா, எஞ்சினை எரித்து இறக்குவதா என்று மேலே இழுபறி. தேதி தள்ளிப்போனால் அடுத்த வருஷத்து நிதி எஞ்சின்காரர்களுக்கு.

மடித்து முடிக்க ஒன்பது நாள். முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் மூட்டையைப் பிரிக்க வேண்டும். உள்ளே சிக்கிய பொருள் விரியும்போது துணியைக் கிழித்துவிடும். அன்று எல்லாம் சரியாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்த அவள், தன் விரலையே பார்த்தாள்.

"அக்கா, விரல்ல ஒட்டியிருந்த பிளாஸ்திரியக் காணோம்."

"அது கணக்குலயே இல்ல. பேசாம கையெழுத்தப் போடு."

"உள்ள இருந்துட்டா? பிரிச்சிடலாம்க்கா."

நேரே பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தேதி போயிற்று. எரிச்சலில் அவர் அவளை விலக்கி, பிரித்து மறுபடி மடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பொய் சொல்வானேன், என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் பாதி பிரித்திருக்கும்போது, பிளாஸ்திரி அலமாரிக்கு அடியில் கிடைத்தது. வெட்டியாகப் பிரிக்க வைத்தவள் என்று கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாதியில் விட முடியாது, முழுக்கப் பிரித்துத்தான் மறுபடி மடிக்க வேண்டும். மூன்றாம் நாள், கடைசி மடிப்பைப் பிரிக்கும்போது என் விரலில் ஏதோ குத்தியது. என் கொண்டை ஊசி. கூடத்துக்குள் அதைக் குத்திக்கொண்டு வரக் கூடாது. தொப்பி நழுவுகிறதென்று ரகசியமாகக் குத்திக்கொள்வேன். அவள் மடிக்கும்போது நான் குனிந்து சரிபார்த்தேனே, அப்போது விழுந்திருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. ஊசிதான் வெளியே வந்துவிட்டதே, இனி ஆபத்தில்லை. பையில் போட்டால் வேலை எனக்கு, கெட்ட பேர் அவளுக்கு. ஆனால் போன மாதம், கலத்தில் ஏறப்போகும் மூவரில் ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாங்குமாம்மா?" என்று கேட்டிருந்தாள். "நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னவள் நான்தான்.

ஊசியைத் தலைவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பிரிக்கச் சொல்லலன்னா?" என்றார்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்குத் துணிக் கிடங்கில் வேலை. நிதியில் பாதி எஞ்சின்காரர்களுக்குப் போனது. கலம் இறங்கிய அன்று வீட்டு டிவியில் மூன்று பேரும் கையாட்டினார்கள். மாமியார் ஓரகத்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்து, "அக்காதான் ஊசிய எடுத்துக் காட்டி என்னக் காப்பாத்துனாங்க" என்றாள். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.