சும்மா இருக்கும்போது கீச்சிட்ட கணினி

என் கணவர் அரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பார்வை முழுவதும் போன பிறகும் அவர் வேலையை விடவில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுக்கொண்டே பாடக் குறிப்பு, வினாத்தாள் எல்லாவற்றையும் தானே தட்டச்சு செய்வார்.

பழைய கணினி பழுதாகி, சேலத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக ஒன்று வாங்கினோம். அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே அவர் முகம் சுளித்தார்.

"இந்தா, கீச்சுன்னு ஒண்ணு கத்துதே, கேக்குதா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் எனக்கு அது காதில் விழுந்தது. ஊசி மாதிரி மெல்லிய சத்தம். "சின்னதாத்தானே இருக்குதுங்க" என்றேன்.

"உனக்கு ஓரமா கேக்குது. எனக்கு எதிர்ல உக்காந்து கத்துது."

அந்தச் சத்தம் கேட்காமலிருக்க ஹெட்போன் போட்டால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். கொஞ்ச நேரம் வேலை செய்வார், அணைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வினாத்தாள் வேலை சக ஆசிரியர் ஒருவரிடம் போனது. அன்று சாப்பிடும்போது, "வேலைய வுட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார். நான் சோற்றைப் பிசைந்த கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் சத்தத்துக்காக இவர் பள்ளிக்கூடத்தை விடுவதா? அவரை விட விடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். கடைக்காரர் உள்ளே சுற்றும் ஃபேனை மாற்றினார். சத்தம் மாறவில்லை. மறுபடி போனேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்களே அக்கா. வேற புதுசு வாங்கிக்கோங்க."

திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் பெரிய பெரிய கோப்புகளைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இப்ப நின்னுடுச்சு."

வேலை முடிந்ததும், "வந்துடுச்சு" என்றார். மறுபடி ஓட்டினேன், நின்றது. வேலை செய்யும்போது அமைதி, சும்மா இருக்கும்போது கீச்சு! அப்படியானால் கோளாறு ஃபேனில் இல்லை.

அதைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடினேன். விஷயம் இதுதான்: சும்மா இருக்கும் ப்ராசசர் தூங்கப் போகும். ஆனால் இயங்குதளத்தின் டைமர் நொடிக்கு ஆயிரம் முறை அதைத் தட்டி எழுப்பும். தூங்கி விழிக்கும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் ஏறி இறங்க, போர்டில் உள்ள பாகங்கள் அதிரும். அந்த அதிர்வுதான் சத்தம். படித்துச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதிர்வெண்ணைக் கொறைச்சா சுருதி எறங்கும்."

ப்ராசசரைத் தூங்கவே விடாமல் செய்து பார்த்தேன். சத்தம் போனது, பெட்டி கொதித்தது. ஆயிரத்தை நூறாகக் குறைப்பதுதான் வழி. அதற்குக் கெர்னல் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதியையே நான் புதிதாகக் கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன் படித்த கம்ப்யூட்டர் டிப்ளமோவைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

அது கட்டி முடிய மத்தியானம் முழுக்க ஆனது. கணினியைத் திரும்பப் போட்டால் கீச்சு இல்லை. வாசிக்கும் குரலும் இல்லை! ஒலிக்கான பகுதியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.

"கத்தறதும் போச்சு, பேசறதும் போச்சா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இருங்க, வுட மாட்டேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் குரல் பேசியது. அவர் பெட்டியின் மேல் காதை வைத்தார்.

"இருக்குது. ஆனா கீழ எறங்கி, ஃபேன் சத்தத்தோட சேந்துடுச்சு." தலையைத் தூக்கினார். "இது போதும்."

அன்றே பத்தாம் வகுப்புக்கு வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தார். சக ஆசிரியருக்குப் போன் போட்டு, "இனி நானே பண்ணிக்கறேங்க" என்றார். வேலையை விடும் பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வந்தால் டைமர் மறுபடி ஆயிரத்துக்கு ஏறிவிடுகிறது. நானும் ஒவ்வொரு முறையும் அதை இறக்கிவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.