பதினோரு வினாடி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஓர் இடத்தில் உட்கார மாட்டார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வந்ததும் அந்தப் பெட்டிதான். அவர் பள்ளியில் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் போலவே தோற்றம், உள்ளே மட்டும் இன்றைய சிப். உலகம் முழுக்க இருநூறு பேர் வைத்திருந்தால் அதிகம்.

அந்தச் சிப்பில் நான்கு கோர், அதாவது நான்கு மூளை. பெட்டியின் பழைய பாணி மென்பொருளுக்கு ஒன்றைத்தான் வேலை வாங்கத் தெரியும். மற்ற மூன்றும் தண்டச்சோறு. நான்கையும் வேலை வாங்க இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டார். ஞாயிறு மதியத்துக்குள் வேகத்தை நிரூபித்தால் அவருடைய புரோகிராம் புதிய பதிப்பில் சேரும். இல்லாவிட்டால் கைவிட வேண்டியதுதான் என்று அந்த மென்பொருளை நடத்தும் குழு சொல்லிவிட்டது.

ஞாயிறு காலை சோதனையை ஓட்டினார். பார்க்கப் பயந்து பால்கனியில் போய் நின்றுகொண்டார். ஒரே படத்தை வரைய ஒரு மூளைக்கு நாற்பத்து நான்கு வினாடி. நான்கும் சேர்ந்தால் பதினொன்று. உடனே குழுவுக்கு அனுப்பினார். பாராட்டு வந்து குவிந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“வா, நீயே பாரு!” என்று எனக்காக இன்னொரு தடவை ஓட்டிவிட்டு, போனில் நன்றி சொல்ல உட்கார்ந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொப்பளித்து, முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தபோதும் படம் வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் திரையில் பதினொன்று.

“இது என்னங்க பதினோரு செகண்டு? நான் மூஞ்சியே கழுவிட்டு வந்துட்டேன்!”

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. என் வாயில்தான் சனி.

அரைமணி நேரம் புரோகிராமைக் குடைந்தார். ஒவ்வொரு மூளைக்கும் தனிக் கடிகாரமாம். தொடக்கத்தை முதல் மூளையின் கடிகாரத்திலும், முடிவைத் தாமதமாக விழித்த நான்காவது மூளையின் பின்தங்கிய கடிகாரத்திலும் பார்த்திருக்கிறது அந்தச் சோதனை. அதனால்தான் நேரம் அவ்வளவு குறைவாகக் காட்டியிருக்கிறது.

“விடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

“லிஃப்ட்ல மாடி நம்பர் தப்பாக் காட்டினா அப்படியே விட்டுட்டு வருவேனா?”

மணி பதினொன்றரை. போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீ அழுத்து. என் விரல் எனக்குச் சாதகமா அழுத்திடும்.”

அவர் ஓட்டியதும் அழுத்தினேன். நிறுத்த மறுபடி அழுத்தினேன். முப்பத்தொன்பது.

எட்டிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். படத்தின் கடைசி வரி அப்போதுதான் வந்து முடிந்தது.

“நாப்பதுன்னு போட்டுடறேன்” என்றார்.