வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு ஒன்பது வருஷமாக நான்தான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தீர்மான நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் என் தலையில் விழுந்த வேலை. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் முதலில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பாதிக் கூட்டத்தில் ஒருத்தி வீட்டில் குழந்தை அழும், இன்னொருத்தி வீட்டு மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடும், எழுந்து போய்விடுவார்கள். அதனால் பக்கத்தின் மேல்பாதியை வெறுமனே விட்டுக் கீழே கையெழுத்தை வாங்கிக்கொள்வேன். என்ன முடிவானதோ அதை வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுவேன். ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நம்பியது என் முட்டாள்தனம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பேரூராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஊருக்குப் பொழுதுபோக்கு மையம் வரப்போகிறதாம். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நடக்கிறவர்களுக்குத் தனிப் பாதை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்றது. எந்த இடத்தில் என்பதைக் கடைசியில்தான் சொன்னது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் களத்தில்.

அது புறம்போக்கு இடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருக்காரர்கள் அறுக்கிற நெல்லெல்லாம் அங்கேதான் காய்ந்தாக வேண்டும். மிஷின் அறுத்துக் கொட்டுகிற குறுவை நெல் ஈரமாகத்தான் இருக்கும். அப்படியே கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இரண்டு வெயிலாவது காட்ட வேண்டும். எங்கள் வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை, வாசலில் ஒரு சாக்கு நெல் விரிக்க இடமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறோம். அந்த நெல் காயவில்லை என்றால் எங்களுக்கு அந்த வருஷமே இல்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நாம போவலன்னா, யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிப்புடுவாங்க. எல்லாரும் வாங்க" என்று கெஞ்சினேன்.

"நீ போய்ப் பேசுனா கேட்டுடுவாங்களாக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்கத்தானங்க கூப்புட்டிருக்காங்க" என்றேன். அப்போது எனக்கு அவ்வளவு தெம்பு இருந்தது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். இருபத்தாறு பெண்கள் போனோம். வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு பெரிய நோட்டு, அதன் பின்னால் ஒரு கிளார்க். எங்கள் ஆட்கள் தயங்கி நின்றார்கள். நான்தான் சத்தமாக, "மொதல்ல கையெழுத்துப் போடுங்க, அப்பறம் பேசலாம்" என்றேன். முதல் ஆளாகப் போட்டதும் நான்தான். பக்கத்தின் மேல்பாதி வெறுமனே இருந்தது. எனக்கு அது உறுத்தவே இல்லை. நோட்டு என்றால் அப்படித்தான் இருக்கும்!

எதிர்வீட்டு அக்கா பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு மாதம் பிடித்தது. "கையெழுத்தே போடுங்கக்கா, அதுதான் மதிப்பு" என்று பேனாவைக் கையில் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வரைந்து முடித்தார்.

உள்ளே திரையில் படம் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் செய்த பெண்கள் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் களத்தில் நடந்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு நடை கிடையாது, நடவு முடித்து வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். நான் எழுந்து களம் ஏன் வேண்டும் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அக்காவும் எழுந்தார். "நீச்சலடிக்க ஆறு இருக்குங்க ஐயா. நெல்லு காயத்தான் வேற எடம் இல்ல" என்றார். மண்டபமே சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். "உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிறோம்மா" என்றார். போண்டாவும் டீயும் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

ஆவணியில் ஜேசிபி வந்து களத்துச் சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்தது. நான் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். அதே கிளார்க் அதே நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேல்பாதி இப்போது நிரம்பியிருந்தது. திட்டத்தைப் பொதுமக்கள் ஏகமனதாக வரவேற்று ஒப்புதல் அளித்ததாக முத்து முத்தான எழுத்தில் இருந்தது. களம் என்ற சொல்லையே காணோம். கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

"நீங்க போட்டதுதானம்மா?" என்றார். அவர் குரலில் கிண்டல்கூட இல்லை.

"நாங்க பேசுனது எங்கங்க?"

"பேசுனதெல்லாம் எழுத முடியுமா? ஆட்சேபணைன்னா இதே ஆளுங்க கையெழுத்தோட ஒரு மனு எழுதி, ஒரு திங்கக்கெழம மனு நாளுல தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ்ல குடுங்க."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மறுபடி நோட்டைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அச்சு அசலாக என் குழு நோட்டு மாதிரியே இருந்தது. இப்படிக் கையெழுத்துப் போட அவர்களைப் பழக்கியதே நான்தானே.

மனு எழுதிக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "அன்னைக்கும் நீதான போடச் சொன்ன" என்று ஒருத்தி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மற்ற வீடுகளிலும் யாரும் பேனாவை வாங்கவில்லை.

புரட்டாசியில் அறுத்தோம். நெல்லைக் கும்பகோணம் சாலை ஓரத்தில் கொட்டிப் பரப்பினோம். ஒரு மணி நேரம் வெயில், உடனே மழை. தார்ப்பாயை இழுத்து மூடுவதும் விரிப்பதுமாக ஆறு நாள் போனது. பஸ் டயர் நெல்லை வாரி வாய்க்காலில் இறைத்தது. கொள்முதல் நிலையத்துக்காரர் வந்து குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கை நிறைய வெள்ளை முளை. கையை உதறிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

எங்கள் குவியலுக்குப் பக்கத்தில்தான் எதிர்வீட்டு அக்காவின் நெல்லும் கிடந்தது. கடைசியாக அவரிடம் மனுவை நீட்டினேன். "படிச்சுக் காட்டுறேன்க்கா, கேட்டுட்டுப் போடுங்க."

முளைத்த நெல்லை விரலால் கிளறிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "எனக்கு நீ கையெழுத்து சொல்லிக் குடுத்திருக்கவே வேணாம்மா."

நான் மனுவை மடித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை தனியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே மனு வாங்குகிறவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒரு கையெழுத்துதான் இருக்கு. ஊர்ல வேற யாருக்கும் ஆட்சேபணை இல்லையா?"

"தெருவுக்கே இருக்குங்க" என்றேன்.

"அப்ப அவங்க கையெழுத்தெல்லாம் எங்கம்மா?" என்றார்.