கடைசித் தறிக்குப் போன காற்று

எங்கள் தறிக்கூடத்தில் குழாய் வேலை பார்த்தவருக்குக் 'காத்து' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். காற்றடித்தால் பறக்கிற உடம்பு என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல கனம். கம்ப்ரசரிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் காற்று கொண்டுபோகிற குழாய்கள் அவர் பொறுப்பு. எங்கள் தறிகளில் நூலைச் சுமந்து ஓடுகிற நாடா கிடையாது. ஒரு சின்ன மூக்கு காற்றை ஊதும். அந்தக் காற்று ஊடை நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடும். காற்று இளைத்தால் நூல் பாதி வழியில் படுத்துவிடும், தறி நிற்கும், மேலே சிவப்பு விளக்கு எரியும். தான் இல்லாவிட்டால் கூடமே இல்லை என்பது அவர் கட்சி. யாரும் எதிர்த்துப் பேசாதபோதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

வார விடுமுறையில் நாங்களெல்லாம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கூடத்துக்கு வருவார். தறிகள் ஓயும் நாள் அது ஒன்றுதான். கையில் காற்றின் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற ஒரு கேஜ். ஒவ்வொரு தறியின் குழாயிலும் அதை மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சுவரில் சாக்பீஸால் ஒரு சரி போடுவார். மறுநாள் காலையில் எங்களை அழைத்து அந்தச் சரிகளைக் காட்டாமல் விடமாட்டார்.

கடைசித் தறி பிறகு வந்தது. பெரிய குழாய் அதுவரை போகவில்லை. அந்தத் தறியை ஓட்டத் தொடங்கும் நாள் நெருங்கிவிட்டது என்று சூப்பர்வைசர் பறக்கவே, மூலையில் கிடந்த மெல்லிய குழாய்த் துண்டுகளை ஒட்டுப்போட்டு, தூணைச் சுற்றி, கழிவறைக் கதவுக்கு மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, வளைவுக்கு மேல் வளைவாக அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். "புதுசா ஒரு துண்டு வாங்கல பாத்தியா!" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தத் தறியைக் கேட்டு வாங்கித் தன் மனைவிக்குக் கொடுத்ததும் அவர்தான். பக்கத்தில் ஜன்னல் இருந்தது, வெளிச்சம் நன்றாக வரும். பிரியத்தில் செய்ததுதான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்கு முந்தின தறி என்னுடையது. ஆகவே அவளுடைய சிவப்பு விளக்கை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நூல் கரைக்கு வந்து சேராது. அவள் ஓடிப்போய் அறுந்ததை எடுப்பாள், முடிச்சுப் போடுவாள், தறியைக் கிளப்புவாள். என் பக்கம் திரும்புவதற்குள் மறுபடி சிவப்பு. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் துணியில் ஒரு கோடு விழும். கோடு விழுந்த துணியைச் சோதனை மேஜையில் எல்லாரும் பார்க்கப் பிரித்துப் போடுவார்கள்.

"காத்து பத்தலைங்க" என்றாள் அவள், சாப்பாட்டு நேரத்தில், எங்கள் எல்லார் முன்னாலும்.

சொன்னது தப்பான இடத்தில். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "போன லீவுலதானே கேஜ் வச்சுப் பாத்தேன்? முதல் தறிக்கு என்ன இருக்கோ அதேதான் உனக்கும். முள்ளு ஒரு மயிரிழை இறங்கல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

கூடமே சிரித்தது. நானும்தான். அதோடு விட்டதா? அவள் விளக்கு சிவந்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் "கூடம் கோணல்!" என்று கத்தும். தறிச் சத்தத்தில் காது கேட்காது, ஆனால் வாயசைவு தெரியுமே. அவள் குனிந்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் ஒரு நாள் கேட்டிருக்கிறாள். "ஏங்க, தறி ஓடறப்போ ஒரு தடவ கேஜை வச்சுப் பாருங்களேன்."

"ஓடினா என்ன, நின்னா என்ன? அதே குழாய், அதே காத்து. வேலையில கவனத்தை வை" என்றாராம்.

கொஞ்ச நாளில் அவளைத் தறியிலிருந்து எடுத்துக் கழிவு நூல் அறைக்கு அனுப்பினார்கள். அறுந்த நூலைப் பொறுக்கி மூட்டை கட்டும் வேலை. கூடத்தில் அவளைவிடச் சுத்தமாக முடிச்சுப் போடுகிற கை கிடையாது. அதைத் தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தறிக்கு வேறொருத்தி வந்தாள். அவளுக்கும் சிவப்புதான். வெடுக்கென்று பேசுகிறவள் அவள். மூன்றாம் நாளே அவரை வழிமறித்தாள். "அண்ணே, ஓடறப்போ பாருங்கன்னு அக்கா உங்ககிட்ட கேட்டாங்களாமே? ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. காத்து சரியா இருந்தா நான் வாயைத் திறக்கல."

அவள் வாயை அடைப்பதற்காகத்தான் கேஜை மாட்டினார். தறி நின்றிருந்தது, முள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. "பாத்துக்க" என்றார். அவள் தறியைக் கிளப்பினாள். முள் சரிந்தது. சரிந்து, ஏறக்குறைய பாதிக்கு வந்து அங்கேயே கிடந்தது. நிறுத்தச் சொன்னார், முள் பழையபடி ஏறியது. ஓட்டச் சொன்னார், இறங்கியது. திரும்பத் திரும்ப அதையே செய்யச் சொன்னார். கேஜே மனசு மாறி வேறு எதையாவது காட்டும் என்று பார்த்தாரோ என்னவோ.

நிற்கிற காற்றுக்கு உரசல் கிடையாது. குழாய் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், எத்தனை வளைவு இருந்தாலும், காற்று சும்மா அடைந்து கிடக்கும்போது இந்த முனையும் அந்த முனையும் ஒன்றுதான். ஓடத் தொடங்கினால்தான் வம்பு. குழாயின் சுவரில் உரச உரச அழுத்தம் குறையும். குறைந்த காற்று விரியும். விரிந்ததற்கு அந்த மெல்லிய குழாயில் இடம் போதாது, ஆகவே இன்னும் வேகமாக ஓடும். வேகம் கூடினால் உரசலும் கூடும். இப்படித் தன்னையே தின்றுகொண்டு போன காற்றுதான் கடைசித் தறிக்குப் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மூச்சுவிடாமல் சொல்கிற பாடம்தான் இது. தன் மனைவி சொன்னபோது மட்டும் மறந்துபோயிற்று.

உடம்பெல்லாம் கூசியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"குழாயை மாத்திடு, லீவுல மாத்திடு" என்றார் சூப்பர்வைசர். "ஆனா இதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத. அவசரப்படுத்தினது நான், ஒட்டுப்போட்டது நீ. ரெண்டு பேர் தலையும் உருளும். உன் வீட்டம்மாவை ரெண்டு மாசம் போகட்டும், மெதுவா வேற தறியில போட்டுடலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். விடுமுறையில் பெரிய குழாயை நேராக இழுத்து மாட்டினார். மறுநாளிலிருந்து கடைசித் தறியில் விளக்கு எரியவே இல்லை. கூடம் என்ன பேசும்? "ஆள் மாறினதும் தறி எப்படி ஓடுது பாரு!" புதியவள் குழாய் மாற்றியதைப் பற்றி வாயைத் திறக்கப் போனாள். சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தார், அவளும் அடங்கிப்போனாள்.

கழிவு நூல் அறை எங்களுக்கு அடுத்த அறைதான். சாப்பாட்டு நேரத்தில் தறிகள் ஓய்ந்ததும் அந்தப் பேச்சு அவள் காதில் விழாமல் இருக்குமா?

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நூலை அறுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி அறுத்தாள். பக்கத்தில் முடிச்சு நூல் குவிந்து கிடந்தது.

"எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போலங்க" என்றாள். "கண்ணு மங்குதோ என்னவோ. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார். கண் டாக்டர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் எழுத்துகளைப் படித்தாள். கண்ணாடியே வேண்டாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில், "கண்ணு நல்லா இருக்காம். அப்போ கைதான்" என்றாள். ராத்திரி அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மறுநாள் காலை, எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்று ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை. எங்கள் கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் பேசவே காதோடு வாய் வைக்கவேண்டும். பிறகு சுவரோரம் போய் மெயின் வால்வை மூடினார்.

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. தறிகள் நின்றன. அத்தனை சிவப்பை நான் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். "காத்து! பைத்தியமா உனக்கு?"

"தறி ஓடினா நான் சொல்றது கேக்காதுங்க" என்றார் அவர். எங்கள் பக்கம் திரும்பினார். "அவ ஆடத் தெரியாதவ இல்ல. கூடந்தான் கோணல். கோணலாக் கட்டினவன் நான். கடைசித் தறிக்கு நான் இழுத்த குழாயில காத்து வந்து சேரல. அவ சொன்னா, நான் கேக்கல. உங்களையெல்லாம் சிரிக்க வச்சேன். போன லீவுல குழாயை மாத்தினேன், அதான் தறி ஓடுது. ஆள் மாறினதால இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு என் காலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கழிவு நூல் அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். புடவையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தாள்.

"போன லீவுலயே மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"அப்போ நேத்து கண் டாக்டர்கிட்ட என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, அப்போ தெரியும்."

அவர் தலை நிமிரவில்லை. மற்றதையெல்லாம் சொன்னவர் இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. சூப்பர்வைசர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் கடைசித் தறிக்குப் போனாள். புதியவள் ஒதுங்கி இடம் விட்டாள். வந்தவள் அறுந்து கிடந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டு, பல்லால் நுனியைக் கடித்துத் துப்பினாள்.

"காத்தைத் திறந்து விடுங்க" என்றாள், அவரைப் பார்க்காமல். "வேலை நிக்குது."