களிப்பாறையில் ஒரு டம்ளர்

இடது கையால் பையைப் பிடித்து, வலது கை விரலால் அடியிலிருந்த குழாயைத் திறந்து, மனைவியின் சிறுநீரை வாளியில் வடித்தார் டெக்னீஷியன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருடம். தினமும் காலை ஐந்தரைக்கு இதே வேலை. கை தானாகச் செய்யும், தலை தூங்கிக்கொண்டிருக்கும்.

எட்டு மணிக்கெல்லாம் நிலத்துக்கடியில் ஐந்நூறு மீட்டரில் இருப்பார். அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று பார்க்கக் களிப்பாறையில் குடைந்த சுரங்கம் அது. பாறையில் துளை போட்டு, வாயை அடைத்து, உள்ளே ஊறும் நீரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். களிப்பாறை கடைந்தெடுத்த கஞ்சன்; லேசில் நீரை விடாது. ஏழாம் துளையில் அழுத்தம் ஏறி முடிக்கப் பதினோரு வருடம் பிடித்தது. இன்னும் மூன்று மாதம் அசையாமல் நின்றால் அளவு உறுதியாகும். அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்பாள்: "என்ன, உங்க சின்ன வீடு இன்னிக்கு எவ்வளவாம்?" அவர் ஏழாம் துளையின் அழுத்த எண்ணைச் சொல்வார். வெளியுலகம் என்று அவளுக்கு மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான்.

அன்று ஏழாம் துளையின் மெல்லிய குழாயைத் துடைக்க இடது கையால் அதைப் பிடித்தார். வலது கை விரல் வால்வைத் திறந்துவிட்டது. தண்ணீர் காலடியில் வடிந்தது. வாளி எங்கே என்று கண் தேடியபோதுதான் அவருக்கு உறைத்தது.

பொறியாளர் பெண் ஓடிவந்தாள். "எவ்வளவுண்ணே போச்சு?"

"ஒரு டம்ளர் இருக்கும்மா."

"ஐயோ அண்ணே! ஒரு டம்ளர்னா பதினோரு வருஷ அழுத்தம் மொத்தமும் போச்சே."

"திரும்ப ஏறிடும்..."

"ஏறும். யாரு உக்காந்து பாக்கிறது?"

சாயங்காலம் மனைவியிடம் மறைக்க அவருக்கு வரவில்லை. எண்ணைக் கேட்டாள்.

"பூஜ்யம்," என்றவர், நடந்ததையும் சொன்னார்.

"என் பைன்னு நெனச்சிட்டீங்களா?"

"தூக்கக் கலக்கம். விடு."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பையில் கால்வாசிகூட இல்லை. கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே இருந்தது.

"ஏன் குடிக்கல?"

"தாகமில்ல."

தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை உதட்டில் வைத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டார். பையிலிருந்த கொஞ்சத்தை வடித்து, குழாயை மூடி, இரண்டு முறை திருகிப் பார்த்தார். பிறகு சுரங்கத்துக்குப் போய், ஏழாம் துளைக்குப் புதுத் தாள் எடுத்து, தேதி போட்டு, பூஜ்யம் என்று எழுதினார்.